கறுப்பின, பூர்வகுடி டூலாக்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் கைகொடுக்கும் கைவினைத் தொழில்: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் 2023-ஆம் ஆண்டில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்குக் கறுப்பினத் தாய்மார்கள் 50.3 பேர் இறந்தார்கள். வெள்ளையினத் தாய்மார்கள் 14.5 பேர். இது அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு. பூர்வகுடித் தாய்மார்களின் இறப்பும் வெள்ளையினத்தவரைவிட அதிகம். இந்தக் குடும்பங்களோடு, அவர்கள் சமூகத்திலிருந்தே வந்த டூலாக்களும் மருத்துவச்சிகளும் வேலை செய்கிறார்கள். டூலா கர்ப்ப காலத்திலும் பிரசவத்திலும் கூடவே இருந்து துணை செய்பவர், மருத்துவம் பார்ப்பதில்லை. பிரசவம் பார்ப்பது மருத்துவச்சி.

தையலும் பின்னலும் தெரிந்தவர்கள் இவர்களுக்கு உதவ நினைக்கும்போது, முதலில் எதையாவது தைத்து இணையக் கடையில் போட்டு, "வருமானத்தில் ஒரு பங்கு நன்கொடை" என்று எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலான சிக்கல்கள் அந்த வரிசையிலிருந்தே வருகின்றன. பணம் யாருக்கு, எவ்வளவு என்பது முதலில் முடிவாக வேண்டும். பிறகு பொருள், அதன்பின் விலை, கடைசியில்தான் கடை. இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், டூலாக்களும் மருத்துவச்சிகளும் வகுப்பெடுக்கப் பயன்படுத்தும், துணியாலும் நூலாலும் செய்த நஞ்சுக்கொடி, கருப்பை மாதிரிகள். அவர்களுக்கு நேராகப் பயன்படும். சட்டச் சிக்கலும் குறைவு.

1. தொடங்குமுன் சரிபார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் இருக்கும் தமிழர்கள் முதலில் விசாவைப் பார்க்க வேண்டும். ஹெச்-1பி ஊழியரின் துணைவராக ஹெச்-4 விசாவில் இருப்பவர், வேலை அனுமதி தரும் இஏடி அட்டை வந்த பிறகே விற்பனையில் இறங்கலாம். ஹெச்-1பி விசா தரும் வேலை உரிமை, அதற்கு விண்ணப்பித்த நிறுவனத்தோடு நின்றுவிடும். மாலையில் தைத்து விற்பது அதற்குள் வராது. லாபம் முழுவதையும் நன்கொடையாகக் கொடுத்தாலும் விற்பனை விற்பனைதான். அனுமதி இல்லாதவர்கள் மாதிரிகளைத் தைத்து ஓர் அமைப்புக்கு அன்பளிப்பாகக் கொடுக்கும் வழியைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

விற்பவர்களுக்கு மூன்று வேலைகள்: தொழிலைப் பதிவு செய்வது, தொழிலுக்கான வரி அடையாள எண்ணான இஐஎன்-ஐ வருமான வரித்துறையிடம் இலவசமாக வாங்குவது, தனி வங்கிக் கணக்கு திறப்பது. தனிக் கணக்கைத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டுச் செலவோடு கலந்துவிட்டால், ஒதுக்க வேண்டிய பணம் எது என்று மூன்றாம் மாதம் யாருக்கும் தெரியாது.

2. பணம் யாருக்கு, எதற்கு

"கறுப்பின, பூர்வகுடிப் பிரசவப் பணியாளர்களுக்கு" என்று பொதுவாகச் சொன்னால் அது யாருக்கும் போய்ச் சேராது. பெயர் சொல்லக்கூடிய ஒருவர் அல்லது ஓர் அமைப்பு வேண்டும். நியூயார்க்கின் புரூக்ளினில் ஏன்ஷியன்ட் சாங், வாஷிங்டன் டி.சி.யில் மாமாடோட்டோ வில்லேஜ், ஃபுளோரிடாவில் மருத்துவச்சி ஜெனி ஜோசப் தொடங்கிய காமன்சென்ஸ் சைல்ட்பர்த், நியூ மெக்சிகோவில் டேவா விமன் யுனைடெட், சேஞ்சிங் வுமன் இனிஷியேட்டிவ் ஆகியவை நன்கு அறியப்பட்டவை. இருந்தாலும் உங்கள் ஊரிலேயே ஒரு சிறிய குழு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ஆண்டுக்கு 800 டாலர் சின்னக் குழு ஒன்றுக்குப் பெரிய தொகை.

எழுதிக் கேட்கும்போது "உங்களுக்கு உதவ விரும்புகிறோம், என்ன வேண்டும்?" என்று அவர்கள் தலையில் வேலையை வைக்காதீர்கள். உங்கள் திட்டத்தை ஐந்தாறு வரியில் சொல்லி, எதில் சேர்த்தால் பயன்படும் என்று கேளுங்கள். வழக்கமான செலவுகள் இவை: பயிற்சிக் கட்டணம், மருத்துவச்சி மாணவிகளின் தேர்வுக் கட்டணம், பிரசவத்துக்குப் போகும் நாளில் தன் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள், பெட்ரோல், குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் டாப்ளர் கருவி. கலிஃபோர்னியா 2023 முதல் டூலா சேவைக்கு அரசு மருத்துவக் காப்பீட்டில் பணம் தருகிறது. வேறு சில மாநிலங்களும் தருகின்றன. ஆனால் பதிவு, படிவம், காத்திருப்பு எல்லாம் முடிந்து, வேலை முடிந்த பிறகே அந்தப் பணம் வரும். அதுவரை ஆகும் கைச்செலவுக்குத்தான் உங்களைப் போன்றவர்களின் சிறு தொகை உதவும்.

அமைப்பு 501-சி-3 (வரிச்சலுகை உள்ள அறக்கொடை அமைப்பு) பதிவு பெற்றதா என்று வருமான வரித்துறையின் தேடல் பக்கத்தில் பாருங்கள். சிறிய குழுக்கள் பல, இன்னொரு பதிவுபெற்ற அமைப்பின் நிழலில் இயங்கும். அப்போது காசோலை அந்தத் தாய் அமைப்பின் பெயரில், இந்தக் குழுவுக்கென்று குறிப்பிட்டுப் போக வேண்டும். பொதுப்பணிக்காகப் பழங்குடி அரசுகளுக்குக் கொடுக்கும் நன்கொடைக்கும் வரிச்சலுகை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. தனிநபருக்கு நேராகக் கொடுத்தால் சலுகை கிடையாது. அப்படிக் கொடுப்பதும் சரியான வழிதான். ஆனால் வாங்குபவர் அரசு உதவி பெறுகிறவராக இருந்தால், உங்கள் தொகை அந்த உதவியைப் பாதிக்குமா என்று அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

3. எதைத் தைக்கக் கூடாது

புதிதாக வருகிறவர்கள் முதலில் நினைப்பது தூளி, துணி நாப்கின், மூலிகைக் குளியல் பொடி. மூன்றுமே சின்னத் தொழிலுக்கு ஒத்துவராது.

குழந்தையைச் சுமக்கும் தூளிக்கு 2018 முதல் கட்டாயப் பாதுகாப்புத் தரம் உண்டு. வெளி ஆய்வகச் சோதனை இல்லாமல் விற்க முடியாது. துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கின் மருத்துவச் சாதன வகையில் வருகிறது. உற்பத்தியாளர் ஆண்டுதோறும் பதிவு செய்ய வேண்டும். 2025 நிதியாண்டுக்கான கட்டணம் மட்டும் 9,280 டாலர். பொடி, களிம்பு வகைகளில் "புண் ஆறும்", "வலி குறையும்" என்று ஒரு சொல் எழுதினாலே அது மருந்தாகிவிடும்.

இன்னொன்று இதைவிட முக்கியம். பூர்வகுடிகளின் வடிவங்களை, குழந்தையைக் கட்டிச் சுமக்கும் சுமைப்பலகைத் தொட்டிலை, மணி கோத்துச் செய்யும் வேலையை நகலெடுக்காதீர்கள். 1990-ஆம் ஆண்டின் இந்தியக் கலை மற்றும் கைவினைச் சட்டப்படி, பூர்வகுடியினர் செய்தது என்று தவறாக நினைக்க வைக்கும்படி ஒரு பொருளை விற்பனைக்கு வைப்பதே குற்றம். தனிநபருக்கு முதல் முறையிலேயே 2,50,000 டாலர் வரை அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். யாருக்கு உதவக் கிளம்பினோமோ அவர்களின் கைத்தொழிலுக்கே போட்டியாக நிற்பது சரியல்ல. மணி வேலை வேண்டுமென்றால் பூர்வகுடிக் கலைஞரிடம் அவர் சொல்லும் விலைக்கு வாங்கி, அவர் பெயரோடு விற்கலாம்.

பொம்மைக் குழந்தையும் வேண்டாம். "இது பாட மாதிரி, விளையாட்டுப் பொருள் அல்ல" என்று சீட்டு ஒட்டினாலும், பார்ப்பவர் கண்ணுக்குப் பொம்மையாகத் தெரிந்தால் குழந்தைப் பொருள் விதிகள் பாயும். கருப்பை மாதிரிக்குள் குழந்தையின் தலைக்குப் பதில் ஒரு பந்து போதும்.

4. நஞ்சுக்கொடி மாதிரி

குழந்தை பிறந்ததும் நஞ்சுக்கொடி முழுதாக வெளியே வந்துவிட்டதா என்று மருத்துவச்சி திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் இரத்தப்போக்கு நிற்காமல் போகலாம். அதைக் கற்றுக்கொடுக்க ஒரு நல்ல துணி மாதிரி வேண்டும். சந்தையில் கிடைக்கும் பல மாதிரிகள் சிவப்பு மெத்தை மாதிரிதான் இருக்கின்றன. பாடம் நடத்த உதவாது. கீழே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் விளிம்பை மூடிவிட்டால் உள்வேலை எதையும் செய்ய முடியாது.

தேவையானவை: அடர்சிவப்பு ஃபிளீஸ் துணி 45 செ.மீ. சதுரம், அடித்துணியாகப் பருத்தி 25 செ.மீ., சாம்பல் கலந்த நீல சாட்டின் 25 செ.மீ., இரண்டு வெவ்வேறு நிறத்தில் ஆர்கன்சா ஒவ்வொன்றும் 80 செ.மீ., சிவப்பும் நீலமும் பனியன் துணி, வெள்ளை வலைத்துணி, 12 செ.மீ. ஜிப், பிரஸ் பட்டன் இரண்டு ஜோடி, பாலியெஸ்டர் பஞ்சு, பிளாஸ்டிக் மணிகள் 350 கிராம்.

முதலில் தாய்ப்பக்கம், அதாவது கருப்பையோடு ஒட்டியிருக்கும் பக்கம். அடித்துணியில் 24 செ.மீ. விட்டத்துக்கும் ஃபிளீஸில் 30 செ.மீ. விட்டத்துக்கும் வட்டம் வெட்டுங்கள். ஃபிளீஸ் விளிம்பைச் சுருக்கி அடித்துணியின் அளவுக்குக் கொண்டுவந்து நூலோட்டம் போடுங்கள். ஃபிளீஸ் பெரிதாக இருந்தால்தான் மேடுகள் எழும்பும். இப்போது கோணல்மாணலாக 15 முதல் 20 பிரிவுகள் வரும்படி தையல் போட்டு, ஒவ்வொன்றையும் மூடுமுன் கொஞ்சம் பஞ்சு திணியுங்கள். சதுரம் சதுரமாகத் தைத்தால் ரஜாய் போலாகிவிடும். பிரிவுகள் ஒரே அளவில் இருக்கவே கூடாது.

விளிம்பை ஒட்டிய ஒரு பிரிவை மட்டும் திணிக்காமல் தட்டையாக விடுங்கள். அதே வடிவில் தனியாக ஒரு துண்டு தைத்து, பிரஸ் பட்டனில் மாட்டுங்கள். வகுப்பில் அதைக் கழற்றி ஒளித்துவைத்து, "முழுதாக இருக்கிறதா?" என்று கேட்கலாம். இந்த மாதிரிக்கு உயிரே இந்தத் துண்டுதான். வெல்க்ரோ வேண்டாம், பத்து முறை பிரித்தால் ஃபிளீஸைப் பிய்த்துவிடும்.

அடுத்து குழந்தைப் பக்கம். சாட்டினில் 24 செ.மீ. வட்டம். விளிம்பருகே ஜிப்பை முதலில் தைத்துவிடுங்கள். பிறகு தொப்புள்கொடி வரும் இடத்தைக் குறித்து, அங்கிருந்து கிளை பிரியும் இரத்தக் குழாய்களை மெல்லிய பனியன் பட்டைகளால் தையுங்கள். சிவப்பை முதலில், அதன்மேல் நீலத்தை. நஞ்சுக்கொடிப் பரப்பில் தமனிகள் சிரைகளைத் தாண்டி மேலே போகும் என்பதால் இந்த வரிசை.

நிறத்தில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். பள்ளியில் தமனி சிவப்பு, சிரை நீலம் என்று படித்திருப்போம். தொப்புள்கொடியில் அது தலைகீழ். சிரை ஒன்று, ஆக்சிஜன் நிறைந்த இரத்தத்தைக் குழந்தைக்குக் கொண்டுபோகிறது, ஆகவே சிவப்பு. தமனிகள் இரண்டு, திரும்பி வரும் இரத்தம், ஆகவே நீலம். இரண்டு சிவப்பு ஒரு நீலம் என்று தைத்து அனுப்பிய மாதிரி ஒன்று வகுப்பில் வந்து நின்றால், அடுத்தது யாரும் வாங்க மாட்டார்கள்.

தொப்புள்கொடிக்கு சிவப்புப் பட்டை 4 செ.மீ. அகலம், நீலப் பட்டைகள் 2.5 செ.மீ. அகலம், நீளம் 70 செ.மீ. பனியன் துணியை இழுத்தால் தானாகவே குழாய்போல் சுருளும். நீலம் இரண்டையும் சிவப்பின்மேல் முறுக்குங்கள். முறுக்கியதும் நீளம் 55 செ.மீ. அளவுக்குக் குறையும். உண்மையான கொடியும் 50 முதல் 60 செ.மீ. இருக்கும். முறுக்கிய கொடியை வெள்ளை வலைத்துணிக் குழாய்க்குள் செருகுங்கள். நுனியை மூடித் தைக்காமல் மூன்று குழாயும் எண்ணும்படி விடுங்கள், ஏனென்றால் மருத்துவச்சி அதை எண்ணிப் பார்ப்பார். அடிப்பகுதியைச் சாட்டினில் இரட்டைத் தையல் போடுங்கள். வகுப்பில் எல்லாரும் கொடியைப் பிடித்துத்தான் தூக்குவார்கள்.

இனி இரண்டு சவ்வுகள். வெளிச்சவ்வான கோரியனும் உள்சவ்வான ஆம்னியனும் தனித்தனியாகப் பிரிய வேண்டும். கோரியன் ஆர்கன்சாவைப் பைபோல் தைத்து வட்டத்தின் விளிம்பில் சேருங்கள். ஆம்னியனை விளிம்பில் தைக்கவே கூடாது. அது சாட்டின் பரப்பை மூடியபடி வந்து தொப்புள்கொடியின் அடியில் மட்டும் ஒட்டியிருக்கும். நிஜத்திலும் ஆம்னியனை அதுவரை உரிக்கலாம். இரண்டையும் ஒரே தையலில் பிடித்துவிட்டால் மாதிரி பார்க்க அழகாக இருக்கும், பாடத்துக்கு உதவாது. பைகளின் வாய் ஒரு கை நுழையும்படி 18 செ.மீ. அகலம் இருக்கட்டும்.

கடைசியில் தாய்ப்பக்கத்தையும் குழந்தைப் பக்கத்தையும் 1 செ.மீ. தையல் விட்டுச் சேருங்கள். முடிந்த விட்டம் 22 செ.மீ., தடிமன் 2.5 செ.மீ. மணிகளை ஒரு துணிப்பையில் போட்டு ஜிப் வழியாக வையுங்கள். எடை அரைக் கிலோவை ஒட்டி வரும், கையில் எடுத்தால் நிஜம்போல் இருக்கும். பையைத் தனியாக எடுக்க முடிந்தால்தான் மாதிரியைத் துவைக்கலாம்; பலர் கைபடும் பொருள் இது. மணிக்குப் பதில் அரிசி போடாதீர்கள், பூச்சி வைக்கும்.

5. கருப்பை மாதிரி

இது பின்னல் வேலை. நடுத்தரத் தடிமன் உல்லன் நூலில் தலைகீழ்ப் பேரிக்காய் வடிவம், கீழே கருப்பை வாய்க்கு ரிப் பின்னல். உள்ளே 9.5 செ.மீ. விட்டமுள்ள பந்து, முழு மாதக் குழந்தையின் தலையகலம் ஏறக்குறைய அவ்வளவு. மூடிய வாய் பந்தைத் தாங்க வேண்டும், அழுத்தினால் 10 செ.மீ. வரை விரிய வேண்டும். கடைசி வரிசையை இறுக்கி முடிப்பதுதான் வழக்கமான தவறு. தொளதொளப்பாக முடித்து, பந்தை வெளியே தள்ளிப் பார்த்த பிறகே நூலை வெட்டுங்கள்.

6. சரிபார்க்கக் கூலி கொடுங்கள்

முதல் மாதிரியை நீங்கள் உதவப்போகும் சமூகத்தைச் சேர்ந்த மருத்துவச்சியிடமோ டூலாவிடமோ அனுப்பி, பார்த்துச் சொல்லக் கேளுங்கள். அதற்கு மணிக்கணக்கில் கூலி உண்டு. மாதிரியை இலவசமாகக் கொடுப்பது கூலி ஆகாது. அந்தப் பணம் நன்கொடைக் கணக்கிலும் சேராது, அது தொழில் செலவு. 2026 முதல் ஒருவருக்கு ஆண்டில் 2,000 டாலர் அல்லது அதற்கு மேல் இப்படிக் கொடுத்தால் கொடுத்த கூலியைத் தெரிவிக்கும் 1099 படிவத்தை வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். 2025 வரை அந்த வரம்பு 600 டாலர்.

நஞ்சுக்கொடியை மண்ணில் புதைப்பது பல பூர்வகுடிக் குடும்பங்களில் சடங்கு. அதைப் பற்றி உங்கள் விவரணையில் எழுதலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

7. விலை

கணக்குக்கு ஒரு நஞ்சுக்கொடி மாதிரியை 75 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பொருள் 11, இரண்டு மணி நேரக் கூலி மணிக்கு 18 வீதம் 36, பெட்டியும் சீட்டும் 3. கைவினைப் பொருள்களுக்கான இணையச் சந்தையான எட்சியில் விற்றால் பட்டியலிட 20 சென்ட், விற்பனைக் கட்டணம் 6.5 சதவீதம், பணப் பரிமாற்றத்துக்கு 3 சதவீதமும் 25 சென்ட்டும், கூட்டினால் 7.58. எல்லாம் போக மிச்சம் 17.42 டாலர். அதில் 7 டாலர் கொடுத்தால் தொழிலுக்கு 10.42 நிற்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். கூலியைக் கணக்கில் சேர்க்காதவர்கள் தாராளமாக 20 டாலர் என்று அறிவித்துவிட்டு, ஐந்தாறு மாதத்தில் களைத்துப் போய்க் கடையை மூடுகிறார்கள். நம்பியிருந்த குழுவுக்கும் பணம் நின்றுபோகும். அடுத்தது, எட்சியின் வெளித்தள விளம்பரம். அந்த விளம்பரம் வழியாக வரும் விற்பனையில் சிறிய கடைகளுக்கு 15 சதவீதம் பிடிப்பார்கள்; 75 டாலரில் 11.25 போனால் தொழிலுக்கு நிற்கும் 10.42-உம் கழிந்து கைப்பணம் போகும். ஆண்டு விற்பனை 10,000 டாலருக்குள் இருக்கும்வரை அதை நிறுத்திவைக்க அமைப்புகளில் வழி உண்டு. முதல் நாளே நிறுத்துங்கள்.

தபால் கட்டணத்தைத் தனியாக வாங்குங்கள். பார்சல் ஒரு பவுண்டைத் தாண்டினால் செலவு கூடும் என்பதால், மணிப்பையைக் காலியாக அனுப்பி வாங்குபவரே நிரப்பிக்கொள்ளும் தேர்வும் வைக்கலாம். கறுப்பின, பூர்வகுடி டூலாக்களுக்கு அடக்க விலைக்குக் கொடுப்பதானால், மாதத்துக்கு எத்தனை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நிரூபணம் கேட்காதீர்கள், சொன்னதை நம்பிக் கொடுங்கள்.

8. வாக்குறுதியை எழுதுவது

"லாபத்தில் ஒரு பகுதி" என்று எழுதினால் வாங்குபவருக்கு ஒன்றும் புரியாது. லாபமே இல்லாத மாதத்தில் யாருக்கும் ஒன்றும் போகாது. பொருளுக்கு இத்தனை டாலர், யாருக்கு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எழுதுங்கள். உச்சவரம்பு வைத்திருந்தால் அதையும் சேர்த்து. உதாரணம்: "இந்த மாதிரி ஒவ்வொன்றிலும் 7 டாலர், ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை, இன்ன அமைப்பின் டூலா பயிற்சி நிதிக்குப் போகிறது."

அமைப்பின் பெயரைச் சொல்லி விற்கும்போது பல மாநிலங்களில் அறக்கொடை விற்பனைச் சட்டம் குறுக்கே வரும். கலிஃபோர்னியாவில் எழுத்து ஒப்பந்தம் இருந்து, 90 நாளுக்கு ஒருமுறை பணமும் கணக்கும் கொடுத்துவந்தால் தனியே பதிவு தேவையில்லை. அலபாமா, மாசசூசெட்ஸ் போன்ற சில மாநிலங்கள் முன்பதிவும் பிணைப் பத்திரமும் கேட்கும். இணையத்தில் விற்கும்போது வாங்குபவர் எந்த மாநிலத்திலும் இருக்கலாம். இரண்டு சுலபமான வழிகள்: அந்த மாநிலங்களுக்கு விற்காமல் இருப்பது, அல்லது பொருளோடு நன்கொடையை இணைத்து விளம்பரப்படுத்தாமல், சொந்த வருமானத்திலிருந்து அமைதியாகக் கொடுத்துவிடுவது. இரண்டாவதில் விளம்பரம்தான் கிடைக்காது, அமைப்புக்குச் சேரும் பணம் குறையாது. ஆண்டுக்குச் சில நூறு டாலர் விற்பனைக்கு அதுவே போதுமானது.

ஒப்பந்தம் ஒரு பக்கம் இருந்தால் போதும். அமைப்பின் பெயரும் சின்னமும் எங்கே பயன்படுத்தலாம், தொகை எவ்வளவு, எப்போது அனுப்புவது, இரு தரப்பும் எப்படி விலகுவது என்று நான்கு விஷயம். கையெழுத்து ஆகுமுன் அவர்கள் பெயரைக் கடையில் போடாதீர்கள்.

விவரணையில் இறப்புக் கணக்கை விற்பனை வாசகமாக வைக்காதீர்கள். யாருடைய பிரசவப் படத்தையும், தாயே எழுத்தில் அனுமதித்தாலொழிய, பயன்படுத்தாதீர்கள். மாதிரி எப்படிப் பிரிகிறது, எப்படித் துவைப்பது என்று காட்டும் ஐந்து படம் போதும்: தாய்ப்பக்கம், குழந்தைப் பக்கம், சவ்வுகள் பிரிந்த நிலை, கழற்றிய துண்டு, கொடியின் நுனி. வகுப்பெடுப்பவர்கள் கடைசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்கள்.

9. பணம் அனுப்புவது

ஒவ்வொரு விற்பனையன்றும் 7 டாலரைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்புங்கள். 90 நாள் விதிக்கு உட்பட்டிருந்தால் மூன்று மாதம் முடியக் காத்திராமல் 90 நாளுக்குள் அனுப்புங்கள், சில காலாண்டுகள் 92 நாள் வரும். பொருள் திரும்பி வந்தாலும் கொடுத்த நன்கொடையைத் திரும்பக் கேட்காமல் இருப்பது நல்லது. அதற்காகவே விலையில் சிறிது இடம் விட்டிருக்கிறோம்.

அனுப்பும்போது மூன்று வரிக் கணக்கு சேருங்கள்: எத்தனை விற்றது, தொகை எவ்வளவு, எந்தக் காலம். அந்தப் பணத்தை எப்படிச் செலவழித்தார்கள் என்று அறிக்கையோ, நன்றிக் கடிதமோ, படமோ கேட்காதீர்கள். ஆள் குறைவான குழுவில் அறிக்கை எழுத உட்காருபவர், அந்த நேரத்தில் ஒரு தாயோடு இருக்க வேண்டியவர்.

நிறுத்த வேண்டி வந்தால் ஒரு காலாண்டு முன்னதாகவே அமைப்புக்குச் சொல்லுங்கள். கடைசித் தொகையை அனுப்பிய அன்றே கடைப் பக்கத்திலிருந்தும், மிச்சமிருக்கும் பெட்டிகளின் சீட்டிலிருந்தும் நன்கொடை வரியை எடுத்துவிடுங்கள். சீட்டு மாற்ற மறந்துபோன பழைய இருப்பு பிறகு விற்றால், அதற்கும் 7 டாலர் போக வேண்டும்.